மேட்டுக்குள் பதிந்த படுக்கையறையில் அலமாரி எங்கே நிற்க வேண்டும்?

வீடு கட்டுதல், பராமரித்தல் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் தரப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் மழைக்காலம் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கீழ்த்தளப் படுக்கையறைகளைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வீடு சரிவில் கட்டப்பட்டது. சாலை மேலே இருக்கிறது. படுக்கையறை ஒன்று கீழே இருக்கிறது. அந்த அறையின் பின்சுவரும் இடப்பக்கச் சுவரும் மண்மேட்டுக்குள் பதிந்தவை. முன்சுவரில் பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னல் உண்டு. வலப்பக்கம் படிக்கட்டை ஒட்டிய உட்சுவர். அறையின் நீளம் 3.6 மீட்டர், அகலம் 3.2 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். ஜிப்சம் போர்டு அடித்து, வண்ணம் பூசி, தரைக்கு ஓடும் பதித்து எல்லா வேலையும் முடிந்துவிட்டது. வரும் தையில் திருமணமாகும் மகனும் மருமகளும் அங்கே தங்கப்போகிறார்கள். பின்சுவர் முழுவதையும் தரையிலிருந்து கூரை வரை அலமாரியால் நிரப்பிவிட்டால் ஓர் அங்குலம்கூட வீணாகாது என்கிறார் தச்சர். தங்கள் கருத்து என்ன?
— வாசகி, ரிசர்வாயர் ஹில்ஸ்

பதில்: அம்மா, அந்தப் பின்சுவரை விட்டுவிடுங்கள். தச்சர் இடத்தை அளந்திருக்கிறார். சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், உங்கள் வீட்டைப் போலவே சரிவில் அமைந்த ஒரு வீட்டில், மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டி நானே முழு நீள அலமாரி ஒன்றை அடித்துக் கொடுத்தேன். அது ஜூலை மாதம், மழை இல்லை, சுவரில் கை வைத்தால் காகிதம் போல் உலர்ந்திருந்தது. பிப்ரவரியில் அந்த வீட்டு அம்மாள் என்னை அழைத்தார். கதவைத் திறந்தவுடன் நனைந்த சாக்கின் வாடை அடித்தது. முதுகில் அடித்திருந்த 3 மி.மீ. அட்டைப்பலகை, ஈரம் பட்ட அப்பளம் போல நெளிந்து நின்றது. அடித்தட்டில் இருந்த வெள்ளை வேட்டியின் மடிப்பு நெடுகப் பச்சைப் புள்ளிகள் வரிசையாகப் படர்ந்திருந்தன. அந்த அம்மாள் தம் முகூர்த்தச் சேலையின் முந்தானையை விரித்துக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அலமாரியைக் கழற்றி, வேறு சுவரில் என் செலவில் மீண்டும் அடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்தச் சேலையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று முதல், மண்ணைத் தொடும் சுவரை மூடும் எந்த வேலையையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் அது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். மண்மேட்டுச் சுவருக்கு ஈரம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மண்ணில் ஊறிய மழைநீர் சுவரின் வழியாகக் கசிந்து உள்ளே வருவது. மற்றொன்று பலரும் அறியாதது: அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிந்து நீராவது. டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை பெய்கிறது; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரையிலான வெப்ப மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. அம்மாதங்களில் காற்று 25 பாகை வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருப்பது இங்கே சாதாரணம். அத்தகைய காற்று, ஏறத்தாழ 21 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளிகளாக மாறிவிடும். மண்ணை ஒட்டிய சுவர், குளிர்காலத்தின் குளிர்ச்சியை வசந்தம் கடந்தும் விடாமல் வைத்திருக்கும் இயல்புடையது. அதன் முன்னே ஓர் அலமாரியை நிறுத்தினால், அறையின் வெப்பம் அந்தச் சுவரை எட்டாது. சுவர் மேலும் குளிரும். காற்றும் அங்கே அசையாது. பூஞ்சணத்துக்கு நீர்த்துளிகூடத் தேவையில்லை. பரப்பை ஒட்டிய காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் தொடர்ந்து சில நாட்கள் இருந்தாலே அது முளைத்துவிடும்.

எனவே முதல் வேலை அளவெடுப்பதன்று, சோதிப்பது. சுவர் வெறும் பூச்சாக இருந்தால், சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளை 60 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள் என்பேன்: தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் மண்ணின் கசிவு. ஆனால் உங்கள் சுவரில் ஜிப்சம் போர்டு அடித்திருப்பதால் இந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். அதற்குப் பதிலாக, பின்சுவரும் இடச்சுவரும் சேரும் மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், 15 செ.மீ. சதுரத்துக்கு போர்டை மட்டும் மெதுவாக வெட்டி எடுங்கள். உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். சிமெண்டில் உப்புப் பூத்து வெள்ளையாக உதிர்கிறதா, போர்டின் பின்தாளில் கருப்புப் புள்ளிகள் உண்டா, அடிச்சட்டம் விரல் நகத்துக்கு மெத்தென்று கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பின் அந்தத் துளையை அடைக்க வேண்டாம். காற்றுச் சல்லடை ஒன்றைப் பொருத்திவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கும் கண்ணாக அது பயன்படும். முடிந்தால் இதை நல்ல மழை பெய்த மறுநாள் செய்யுங்கள்.

கசிவு தெரிந்தால், அலமாரிப் பேச்சையே ஒத்திவைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். கூரைநீர் இறங்கும் குழாய் மேட்டுப் பக்கத்திலேயே கொட்டுகிறதா, மேலே பூச்செடிக்கென்று சுவரை ஒட்டி மண் குவித்திருக்கிறீர்களா, தாங்குசுவரின் நீர்வடி துளைகள் அடைந்துவிட்டனவா என்ற மூன்றையும் சரிசெய்தாலே பல வீடுகளில் கசிவு பாதி குறைந்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு விலை உயர்ந்த வண்ணம் பூசினாலும், வெளியே தேங்கும் நீரை அது தடுத்து நிறுத்தாது.

இன்னொன்று, இது மிக முக்கியம். பல வீடுகளில் மண்ணைத் தொடும் சுவரின் உட்பக்கத்தில் நீர்த்தடுப்புப் பூச்சோ தாளோ கொடுத்திருப்பார்கள். அலமாரியைப் பிடித்து நிறுத்துவதற்காக அந்தச் சுவரில் 80 மி.மீ. ஆழத்துக்கு நான்கு துளை போட்டால், நீர்த்தடுப்பில் நான்கு ஓட்டை போட்டதாகிவிடும். ஓட்டை போட்டவர் கண்ணுக்கு அது தெரியாது; இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் திருகாணியைச் சுற்றித் துருக்கறை இறங்கும். தரைக்கும் இதுவே பொருந்தும். ஓட்டுக்குக் கீழே நீர்த்தடுப்புத் தாள் இருக்கும் தளத்தில் ஆழமாகத் துளையிடக் கூடாது.

இனி உங்கள் அறைக்கு வருகிறேன். உங்களுக்கு வறண்ட சுவர் ஒன்று இருக்கிறது: படிக்கட்டுப் பக்கத்து உட்சுவர். அதன் 3.2 மீட்டரில், வாயிற்கதவு மூலையில் 80 செ.மீ. எடுத்துக்கொண்டால், 2.4 மீட்டர் மீதி. அந்த 2.4 மீட்டரை 60 செ.மீ. ஆழத்துக்கு அலமாரியாக்குங்கள். தச்சர் சொன்ன 3.6 மீட்டரோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தோன்றும். ஆனால் உள்ளே எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் கொள்ளளவு இருக்கிறது. 1.2 மீட்டர் அகலத்தில் மேலும் கீழுமாக இரண்டு கம்பிகள், தரையிலிருந்து 2 மீட்டரில் ஒன்று, 1 மீட்டரில் ஒன்று, பொருத்தினால் சட்டை, காற்சட்டை, ரவிக்கை, சிறிய ஆடைகள் எல்லாம் தொங்கவிட 2.4 மீட்டர் கம்பி கிடைத்துவிடும். அடுத்த 60 செ.மீ. முழு உயரத் தொங்கலுக்கு. சேலையும் நீள அங்கியும் அங்கே. கடைசி 60 செ.மீ. இடுப்பளவுக்கு இழுப்பறைகள், அதற்கு மேல் தட்டுகள். உச்சியில் 30 செ.மீ. உயரத்துக்குப் பரண் போல ஒரு வரிசை விட்டால், பயணப்பெட்டியும் விருந்தாளிப் படுக்கையும் அங்கே ஏறிவிடும். மடித்த துணிக்கான தட்டுக்கு 60 செ.மீ. ஆழம் தேவையில்லை, 40 செ.மீ. போதும். அதற்கு மேல் ஆழம் கொடுத்தால் பின்வரிசைத் துணி ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையில் வெளிச்சத்தையே பார்க்காது. அங்கேதான் பூஞ்சணம் குடியேறும்.

கதவுகளை 40 செ.மீ. அகலத்தில் ஆறாக அமைக்கச் சொல்லுங்கள். அலமாரி போக அறையில் 3 மீட்டர் மிஞ்சுகிறது. 152 செ.மீ. அகலக் குயின் கட்டிலை மண்ணை ஒட்டிய இடச்சுவரிலிருந்து ஏறத்தாழ 48 செ.மீ. தள்ளிப் போட்டால், அலமாரிப் பக்கம் ஒரு மீட்டர் நடைவழி கிடைக்கும். இழுப்பறையை முழுவதும் இழுத்துவிட்டு ஒருவர் குனிந்து நிற்க அது போதும். கட்டிலை அந்த இடச்சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், ஏனெனில் மெத்தையும் ஒரு மூடிதான்.

பலகையைப் பற்றி. இங்குக் கடைகளில் 2,750 மி.மீ. நீளம், 1,830 மி.மீ. அகலம், 16 மி.மீ. தடிமன் கொண்ட மெலமைன் பலகைகள் எளிதாகக் கிடைக்கின்றன, விலையும் பரவாயில்லை. மேற்பரப்பு நீரைத் தாங்கும். வெட்டிய விளிம்புதான் அதன் பலவீனம். தச்சர்கள் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்புக்கு மட்டும் பட்டை ஒட்டுவார்கள். நீங்கள் கீழ்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் பட்டை ஒட்டச் சொல்லுங்கள்; கூலி கொஞ்சம் கூடும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பிளப்பது அந்த இரண்டு விளிம்புகளும்தான். அலமாரிக் கூடுகளை நேரே தரையில் உட்காரவைக்காமல், 10 செ.மீ. உயரமுள்ள, திருகி ஏற்றி இறக்கக்கூடிய பிளாஸ்டிக் கால்களின் மேல் நிறுத்துங்கள். முன்னால் மறைக்கும் பலகையைப் பிடிப்பான்களால் மாட்டிவைத்தால் கழற்றித் துடைக்கலாம். துணி, புத்தகம் ஏறும் தட்டு 16 மி.மீ. பலகையில் 60 செ.மீ. நீளத்துக்கு மேல் போனால் நாளடைவில் நடுவில் தொய்யும்; மேலே சொன்ன பிரிவுகளை 60 செ.மீ. கணக்கில் பிரித்தது அதனால்தான்.

காற்றுக்கு வழி கீழேயும் மேலேயும் வேண்டும். மறைப்புப் பலகையில் ஒரு சல்லடை, ஒவ்வொரு தட்டின் பின்னும் 2 செ.மீ. இடைவெளி, உச்சியில் மீண்டும் ஒரு சல்லடை; கதவு மூடியிருந்தாலும் காற்று கீழிருந்து மேலேறிப் போக இது வழி விடும். உட்சுவரில் அலமாரியைப் பிணைக்க, போர்டுக்குள் இருக்கும் சட்டங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். சிறிய காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்தினால் பூச்சுக்குள் மறைந்த திருகாணிகளில் அது ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசைதான் சட்டம். பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் அவை இருக்கும். வெறும் போர்டில் திருகினால் பாரம் தாங்காது. குழந்தை ஒன்று இழுப்பறையில் ஏறி நின்றால் அலமாரியே சாய்ந்துவிடும். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த அறையில்தான் ஓடியாடப் போகிறார்கள், அம்மா. இதில் சிக்கனம் வேண்டாம்.

மின்பெட்டி, தண்ணீர் அடைக்கும் வால்வு, கழிவுக்குழாயின் சுத்தம் செய்யும் மூடி இவற்றில் ஏதேனும் அந்த உட்சுவரில் இருந்தால், அவற்றுக்கு முன்னால் அலமாரிக் கூடு வரக் கூடாது. குழாய் வெடித்த இரவில் சேலைகளை அள்ளி எறிந்துவிட்டு வால்வைத் தேடும் நிலை வேண்டாம்.

கேள்வி: ஐயா, கீழறைக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் வெற்றிடம் இருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 9 கிலோ எரிவாயு உருளையையும் இன்வெர்ட்டர் மின்கலத்தையும் வைக்க அங்கே கதவு போட்ட அறை ஒன்று செய்யலாமா? படுக்கையறைக்குள் இருந்துதான் அதைத் திறக்க முடியும்.
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, உருளையை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அதிலுள்ள புரொப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது. பள்ளம் தேடித் தரையோடு படரும். கீழறையை விடப் பள்ளம் உங்கள் வீட்டில் வேறில்லை. அங்கே ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார்; விடிந்ததும் விளக்கின் பொத்தானை அழுத்துவார். உருளைக்கு உரிய இடம் வீட்டுக்கு வெளியே, தரைமட்டத்துக்கு மேலே, காற்றோட்டமான கூண்டு.

மின்கலமும் அங்கே வேண்டாம். ஈய அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அடைத்த கூட்டுக்குள் அது சேர்ந்தால் ஆபத்து. லித்தியம் மின்கலத்தில் அந்தத் தொல்லை இல்லாவிட்டாலும், தீப்பிடித்தால் அணைப்பது கடினம். எரிவதோ நீங்கள் வெளியேற வேண்டிய படிக்கட்டின் அடியில். பெட்ரோல், வண்ணச்சாயம், தின்னர், மெத்தைப் பஞ்சு எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது.

பாத்திரம், பயணப்பெட்டி, கருவிகள், பொங்கல் பானைகள் போன்றவற்றுக்கு அது அருமையான இடம். ஆனால் ஒரே கதவு போட்டால் உள்ளே தவழ்ந்து போக வேண்டியிருக்கும். நுழைய முடியாத மூலையில் போட்ட பொருள் தொலைந்ததற்குச் சமம். படிக்கட்டின் சரிவுக்கு ஏற்ப உயரம் குறையும் மூன்று தள்ளுபெட்டிகளைச் சக்கரம் பொருத்திச் செய்யச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முழுப் பெட்டியும் வெளியே வந்துவிடும். அவற்றின் பின்னால் சுவர் மண்ணைத் தொடுமானால், 5 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்த ஒரு தடுப்புக்கட்டை வையுங்கள்.

கேள்வி: கீழறையில் இடம் மிகக் குறைவு. மெத்தையைத் தூக்கினால் அடியில் முழுவதும் பெட்டியாக இருக்கும் கட்டில் வாங்கலாமா, இழுப்பறை வைத்த கட்டிலா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: கீழறைக்கு என்றால் இழுப்பறைக் கட்டில்தான், அதுவும் தரையிலிருந்து காலூன்றி நிற்பது. தூக்கும் கட்டிலில் கொள்ளளவு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் உறங்கும் மனிதரின் உடலிலிருந்து வெளிப்படும் ஈரம் மெத்தைக்குள் இறங்குகிறது. அடியில் காற்றோட்டம் இருந்தால் அது பகலில் உலர்ந்துவிடும். மூடிய பெட்டியின் மேல் கிடக்கும் மெத்தை உலர வழியில்லை. மேல்மாடி அறையில் இது பெரிய குறையன்று. குளிர்ந்த தளத்தின் மேல் இருக்கும் கீழறையில் ஒரே மழைக்காலத்தில் மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துவிடும்.

ஏற்கெனவே பெட்டிக் கட்டில் வாங்கிவிட்டவர்கள், மெத்தை படுக்கும் மேற்பலகையில் 3 செ.மீ. விட்டத்தில் பரவலாகத் துளைகள் போட்டு, பக்கப்பலகைகளிலும் சல்லடை வைத்து, வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைக்கலாம். மரச்சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்த கட்டிலாக இருந்தால் துளை தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஆயாவின் பட்டுச்சேலைகள், குத்துவிளக்கு, காவடிப் பொருள்கள், தாத்தாவுடைய பழைய காகிதங்கள் ஆகியவற்றை இதுவரை மேலே வைத்திருந்தோம். இப்போது கீழறையில் அழகான அலமாரி செய்துவிட்டதால் அங்கே மாற்ற நினைக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, டோங்காட்

பதில்: காகிதங்களை மாற்ற வேண்டாம், மகளே. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து தொடங்கும் நம் மக்களின் வரலாறு, பல குடும்பங்களில் ஒரு பழுப்பேறிய தாளாகத்தான் எஞ்சியிருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரக் கீழறைகளுக்குள் சேறு புகுந்ததை நாம் எல்லோரும் கண்டோம். 10 செ.மீ. கால் வைத்த அலமாரி, தரையைத் துடைக்கும் தண்ணீரையும் கீசர் உடைந்து ஒழுகும் தண்ணீரையும் சமாளிக்கும், வெள்ளத்தைச் சமாளிக்காது. காகிதமும் நிழற்படத் தொகுப்பும் மேல்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில் இருக்கட்டும்.

பட்டுச்சேலையைப் பொறுத்தவரை, முதலில் 15 நாட்கள் அந்த அலமாரிக்குள் வெறும் ஈரப்பதமானி ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் சேலையை இறக்கலாம். தொடர்ந்து தாண்டினால், ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றை அந்த அறையில் ஓடவிட்டு அளவைக் குறைத்த பிறகே வைக்க வேண்டும். நன்றாகக் காற்றாடட்டும் என்று கோடையில் நண்பகலில் சன்னலைத் திறந்துவைப்பது நல்ல எண்ணமே. ஆனால் வெளியே புழுக்கமாக இருக்கும் நாளில் அந்தக் காற்றுதான் குளிர்ந்த அறைக்குள் ஈரத்தைக் கொண்டுவருகிறது. வறண்ட குளிர்கால நாட்களில் தாராளமாகத் திறந்துவிடுங்கள்.

சேலையைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், துவைத்து உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அங்கேயே முறியும். பாச்சை உருண்டையை இந்த அலமாரியில் போடாதீர்கள். அதன் ஆவி உறங்குபவர் சுவாசிக்க ஏற்றதன்று. கைக்குழந்தை உறங்கும் அறையில் அதை அறவே தவிர்க்க வேண்டும். நம் ஆயாக்கள் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைத்தார்கள், அது போதும்.

குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கிய பின், திரி வைக்கும் குழியிலும் தண்டின் மரைகளிலும் தங்கியிருக்கும் நீர் உலரும்வரை வெயிலில் வைத்து, பிறகு பருத்தித் துணியில் சுற்றுங்கள். கடைகளில் ஈரம் உறிஞ்சுவதற்கென்று விற்கும் வெள்ளை உப்புக் கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் குளோரைடு. அது உறிஞ்சிய நீர் அடியில் உப்புக் கரைசலாகத் தேங்கும். டப்பா சாய்ந்து அது பித்தளையில் பட்டால் அரித்துவிடும். ஆகவே விளக்கு இருக்கும் தட்டில் அதை வைக்கக் கூடாது. காவடியின் மரவளைவைத் தரையில் சாய்க்காமல் உட்சுவரில் மரக்கொக்கி அடித்து மாட்டுங்கள். மயிற்பீலியைத் தனியே கழற்றிக் காகித உறையில் வையுங்கள்.

கேள்வி: கீழறைச் சன்னல் சிறியது, வெளிச்சமும் அதிகம் வருவதில்லை. அதை மூடிவிட்டு அந்தச் சுவர் முழுவதும் அலமாரி அடிக்கத் திட்டம். அனுமதி வேண்டுமா?
— வாசகர், வெருலம்

பதில்: அனுமதியைப் பற்றிப் பிறகு பேசுவோம்; உயிரைப் பற்றி முதலில் பேச வேண்டும். படிக்கட்டில் புகை சூழ்ந்தால் அந்தச் சன்னல்தான் வாசல். அதை அலமாரியால் மூடுவதும் கூடாது. அதன் முன்னே நகர்த்த முடியாத எதையும் வைப்பதும் கூடாது. நம் வீடுகளில் சன்னலுக்குத் திருட்டுத் தடுப்புக் கம்பி போடாதவர்கள் இல்லை. கீழறைச் சன்னலில் அது நிலையாகப் பற்றவைத்ததாக இருந்தால், உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்து மாற்றுங்கள். சாவி தேவைப்படும் பூட்டானால், சாவி எங்கே தொங்குகிறது என்பது அந்த அறையில் உறங்கும் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விதியைக் கேட்டீர்கள். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியக் கட்டட விதிமுறைகளின்படி, வாழும் அறைக்கு இயற்கை வெளிச்சம் தரும் திறப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காடும், காற்றுக்குத் திறக்கும் பகுதி 5 விழுக்காடும் இருக்க வேண்டும். 9 சதுர மீட்டர் அறை என்றால் 0.9 சதுர மீட்டர் வெளிச்சம். உங்கள் சன்னல் ஏற்கெனவே சிறியது என்கிறீர்கள். அப்படியானால் அதைப் பெரிதாக்கத்தான் வழி தேட வேண்டும். அலமாரி அடிக்க வரைபட அனுமதி தேவைப்படாது. ஆனால் அந்த அறை முன்பு கிடங்காக இருந்து, பின்னர் படுக்கையறையாக மாற்றப்பட்டது என்றால், டர்பனின் ஈத்தெக்வினி மாநகராட்சியில் வரைபடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டை விற்கும் நாளில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

சன்னலின் இருபுறமும் 30 செ.மீ. ஆழத்தில் ஒடுக்கமான அடுக்குகளை அமைத்து, சன்னலுக்குக் கீழே முட்டளவு உயரத்தில் உட்காரும் பலகையாக ஒரு பெட்டகம் செய்யலாம். வெளியேற வேண்டிய நேரத்தில் அதுவே ஏறி நிற்கும் படியாகவும் உதவும்.

கேள்வி: நாங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறோம். டர்பனைப் போல இங்கே ஈரம் இல்லை. கீழறையில் மண்ணைத் தொடும் சுவரை ஒட்டி மர அலமாரி அடிக்கலாம்தானே?
— வாசகர், லெனேசியா

பதில்: உங்கள் குளிர்காலம் வறண்டது, அதனால் பூஞ்சணத் தொல்லை குறைவு. ஆனால் கோடை மழை உங்களுக்கும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் சுவர், வெளியே காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் மண்ணின் ஈரத்தையே அறியும். படிக்கட்டடிப் பெட்டிகளுக்குச் சொன்ன 5 செ.மீ. இடைவெளியும், சுவரில் துளையிடாமையும் உங்களுக்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று: முழுமரத்தில் கதவு செய்தால், கோடையில் உப்பி, ஜூன் ஜூலையில் சுருங்கும். நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை வைத்து ஒட்டாமல், பள்ளத்துக்குள் தளர்வாக நிற்கும்படி தச்சரைச் செய்யச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் குளிர்காலத்தில் நடுவே பிளந்துவிடும்.